முப்பது லைஃப் இல்லாத காடு

பழைய ‘கான்ட்ரா’ வீடியோ கேம் தெரியும் என்ற தைரியத்தோடு ‘கான்ட்ரா 4’ ஆட்டத்தைத் தொடங்குபவர், முதல் காட்டைத் தாண்டுவதற்குள் திணறிப்போவார். ஒரே ஒரு குண்டு பட்டாலும் உயிர் போய்விடும். கையில் இருந்த நல்ல துப்பாக்கியும் அதோடு போகும். சென்ற தலைமுறையின் விரல் பழக்கத்தை நம்பி வருபவரை இந்த ஆட்டம் கொஞ்சமும் விட்டுவைப்பதில்லை.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரமாக ‘கான்ட்ரா’வைக் கொண்டுவந்தது. 1988இல் அது நின்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அந்தப் பெட்டியின் நகல்கள். அவற்றை டிவி கேம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மஞ்சளோ கறுப்போ ஒரு கேசட், அதன்மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக அச்சடித்த எண், உள்ளே திரும்பத் திரும்ப அதே சில ஆட்டங்கள்.

திருத்தணி மாதிரியான ஊரில் தொண்ணூறுகளில் புது கேசட் வேண்டுமென்றால் அரக்கோணம் வழியாக ரயிலில் சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ரிச்சி தெருவும் பர்மா பஜாரும்தான் அன்றைக்குப் போக்கிடம். 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்த ஊர் இது. தெலுங்கு பேசும் வீடும் தமிழ் பேசும் வீடும் இன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. ‘கான்ட்ரா’ ஆட எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை. ஓடு, சுடு, நல்ல துப்பாக்கி தரும் ‘எஸ்’ எழுத்து பறந்து வந்தால் விடாதே. இவ்வளவுதான் பாடம்.

ஆனால் மூன்றாம் கட்டத்து அருவியில் நட்பே முறியும். திரை மேல்நோக்கி மட்டுமே நகரும். இருவர் ஆடும்போது ஒருவர் அவசரப்பட்டு மேலே தாவினால், கீழே நிற்பவர் திரைக்கு வெளியே விழுந்து செத்துப்போவார். “டேய், இருடா!” என்ற கத்தல் கேட்காத அருவியே கிடையாது.

இவ்வளவு கடினமான ஆட்டத்தைப் பல பேர் முடித்தது எப்படி? மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்ற வரிசையைத் தொடக்கத் திரையில் அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது கிடைக்கும். இந்த வரிசையை முதலில் உருவாக்கியவர் கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் ‘கிரேடியஸ்’ ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும் பணியில் இருந்தபோது, அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குக்கூடத் தன்னால் ஆட முடியாததால் இப்படி ஒரு குறுக்குவழி வைத்தார். 2020இல் அவர் காலமானார். நம் ஊர் கேசட்டுகள் சிலவற்றில் முப்பது உயிரோடு தொடங்கும் ‘கான்ட்ரா’ பட்டியலிலேயே இருந்தது. வரிசையை மனப்பாடம் செய்யும் வேலைகூட மிச்சம்.

இப்படி வளர்ந்தவர்கள் முன்னால், தொடரின் இருபதாம் ஆண்டான 2007 நவம்பரில், அமெரிக்காவில் வந்து நின்றது ‘கான்ட்ரா 4’. கலிபோர்னியாவின் வேஃபார்வர்டு நிறுவனம் மேட் போசான் இயக்கத்தில் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்காக அதைச் செய்தது. இசை ஜேக் காஃப்மன். அந்தக் கருவி நம் ஊரில் பரவலாக விற்றதில்லை. திருவிழாக் கடையில் கிடைத்த பிரிக் கேமைத் தவிர வேறு கையடக்க ஆட்டம் பார்க்காதவர்களே இங்கு அதிகம்.

டிஎஸ்ஸுக்கு மேலும் கீழுமாக இரண்டு திரை. ‘கான்ட்ரா 4’ இரண்டையும் சேர்த்து ஒரே உயரமான களமாக்குகிறது. கொக்கிக் கயிற்றை வீசி மேல்திரைக்கு ஏறலாம். அங்கிருந்து எதிரியும் இறங்கி வருவான். கண் ஒரே நேரத்தில் இரு இடத்தில் இருக்க வேண்டும். உண்மையான தொல்லை இரண்டு திரைக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் இடைவெளிதான். ஆட்டத்தின் கணக்கில் அதுவும் களத்தின் ஒரு பகுதி. அதற்குள் நுழைந்த குண்டு ஒரு கணம் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை. பார்க்க முடியாததைத் திறமையால் தவிர்க்க முடியாது, நினைவால்தான் முடியும்.

மற்றபடி இந்தக் கடுமை நேர்மையானது. எதிரிகள் வரும் இடமும் வரிசையும் பெரும்பாலும் மாறாதவை. இரண்டு துப்பாக்கிகளை வைத்துக்கொள்ளலாம். ஒரே வகையை மறுபடி எடுத்தால் அதன் வலு கூடும். செத்தால் கையில் பிடித்திருந்தது மட்டும் போகும். ஆகவே ஆபத்தான இடத்துக்கு முன்னால் நல்லதை மாற்றி வைத்துவிட்டுச் சாதாரணமானதோடு நுழைவது ஆடத் தெரிந்தவர் பழக்கம்.

எளிது, இயல்பு, கடினம் என மூன்று நிலைகள் உண்டு. முதல்முறை ஆடுபவர் வெட்கப்படாமல் எளிது நிலையில் தொடங்கலாம். அதன்பின் சவால் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவை நாற்பது சின்னச் சின்னச் சோதனைகள். அவற்றை முடிக்க முடிக்கப் பரிசுகள் திறக்கின்றன. அந்தப் பரிசுகளில் பழைய ‘கான்ட்ரா’வும் அதன் அடுத்த பாகமான ‘சூப்பர் சி’யும் முழுசாக இருக்கின்றன.

(தொடரும்)