அத்தர் குப்பி போல ஒரு விஷக் குப்பி: இ-சிகரெட் திரவ பாட்டில்கள் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

அத்தர் குப்பி இல்லாத முஸ்லிம் வீடு குறைவு. கால் தோலா, அரை தோலா என்று கட்டைவிரல் அளவில் இருக்கும் அந்தக் குப்பியை ஜும்ஆவுக்குப் புறப்படும்போது எடுப்போம், பிறகு அலமாரியில் வைப்போம். பிள்ளைகளும் அதன் மணத்தை அறிந்தே வளர்கிறார்கள். அதனால் மகனின் சட்டைப் பையிலோ கல்லூரிப் பையிலோ மாம்பழ வாசமோ புதினா வாசமோ வீசும் ஒரு சிறிய பாட்டிலைக் கண்டால், "ஏதோ சென்ட்" என்று திருப்பி வைத்துவிடும் பெற்றோர் உண்டு.

அது இ-சிகரெட்டில் ஊற்றும் திரவமாகவும் இருக்கலாம். நம் நாட்டில் இ-சிகரெட் வியாபாரம் 2019 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. தடை இருப்பதால் இது நம் வீட்டை எட்டாது என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டிலை அடையாளம் காணவும், அதன் ஆபத்து எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளவும் இக்கட்டுரை உதவும், இன்ஷா அல்லாஹ்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

இ-சிகரெட் திரவத்தில் பொதுவாக நான்கு பொருள்கள் இருக்கும். புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகிய இரண்டும் ஆவிப்புகை வருவதற்காக. மூன்றாவது, பழம், மிட்டாய், புதினா போன்ற மணச்சாறு. அதை ஃப்ளேவர் என்பார்கள். நான்காவது நிக்கோட்டின், அதாவது புகையிலையில் இருக்கும் அதே அடிமைப்படுத்தும் நஞ்சு.

சிலர் தயாராக விற்கும் திரவத்தை வாங்காமல், அடர்த்தியான ஃப்ளேவரைத் தனியாகவும் நிக்கோட்டின் கரைசலைத் தனியாகவும் வாங்கி வீட்டிலேயே கலக்கிறார்கள். கலக்கும் வீட்டில் ஒரு பாட்டிலுக்குப் பதில் பல பாட்டில்கள் சேர்ந்துவிடும். அவற்றில் கலக்காத நிக்கோட்டின் பாட்டில்தான் மிகக் கொடியது. லேபிள் கழன்றுவிட்டால் எதில் எது இருக்கிறது என்று கலந்தவருக்கே தெரியாது.

பாட்டிலின் வாய்தான் முக்கியம்

ஒரு பாட்டில் பாதுகாப்பானதா என்பதை முடிவு செய்வது அதன் வாய். இது புதிய அறிவல்ல. வீராம்பட்டினத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் பிரெஞ்சு ஆய்வாளர் கசாலும் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. எண்ணெய், மது, மீன் சாறு ஆகியவற்றைக் கப்பலில் கொண்டு செல்லப் பயன்பட்ட ஜாடிகள் அவை. வயிறு பெரிதாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும். குறுகிய வாயைத் தக்கையால் அடைத்துப் பூசி மூடுவது எளிது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய வணிகனும் ஜாடியின் வாயைக் கவனித்தே சரக்கு ஏற்றினான்.

இன்று நாம் காணும் சிறிய பாட்டில்களின் வாய் மூன்று வகை.

முதல் வகை, அத்தர் குப்பி. மூடியோடு ஒரு கண்ணாடிக் குச்சி இணைந்திருக்கும். குச்சியில் ஒட்டி வருவதை மணிக்கட்டில் தடவிக்கொள்கிறோம். மூடியைக் கழற்றிய குப்பி கீழே சாய்ந்தால் உள்ளே இருப்பது முழுவதும் கொட்டும். இப்போது வரும் குண்டு உருளும் குப்பிகளில் இந்தச் சிக்கல் குறைவு.

இரண்டாம் வகை, இங்க் ஃபில்லர் போன்ற கண்ணாடி டிராப்பர். தலையில் ரப்பர் குமிழ் இருக்கும். பார்க்க மருந்து பாட்டில் போல நம்பிக்கை தரும். ஆனால் டிராப்பரை வெளியே எடுத்த நொடியில் பாட்டிலின் வாய் முழுவதும் திறந்து கிடக்கிறது. குழந்தை தட்டிவிட்டால் எல்லாம் தரையிலோ அதன் உடம்பிலோதான். கண்ணாடிக் குழாய் விழுந்தால் உடையும். அடர்த்தியான மணச்சாறு நாளடைவில் ரப்பர் குமிழையும் கெடுத்துவிடும்.

மூன்றாம் வகை, கண் மருந்து பாட்டில் போல அழுத்தினால் சொட்டும் பிளாஸ்டிக் பாட்டில். வாயில் சிறு துளையுள்ள அடைப்பான் பொருத்தியிருக்கும். திறந்த பாட்டில் சாய்ந்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மூன்றில் இதுவே பாதுகாப்பான அமைப்பு. ஆனால் பாட்டிலே மென்மையாக இருப்பதால், வாயில் வைத்து அழுத்தும் குழந்தைக்கு இதுவும் எளிதாகிவிடும். எனவே மேலே நல்ல மூடியும் வேண்டும்.

குழந்தையால் திறக்க முடியாத மூடி

அழுத்திக்கொண்டே திருகினால் மட்டும் திறக்கும் மூடியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூடிகள் இருக்கும். சும்மா திருகினால் வெளிமூடி மட்டும் கடகடவென்று சுற்றும். கீழே அழுத்தும்போதுதான் அதன் பற்கள் உள்மூடியைப் பிடிக்கும். அழுத்துவதையும் திருகுவதையும் ஒரே நேரத்தில் செய்வது சிறு குழந்தைக்குக் கடினம்.

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இத்தகைய மூடிகளைக் குழந்தைகளிடமே கொடுத்துச் சோதிக்கிறார்கள். மூன்றரை வயது முதல் நான்கேகால் வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முதலில் 5 நிமிடம் தருவார்கள். பிறகு திறப்பது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டி மேலும் 5 நிமிடம் தருவார்கள். மொத்தத்தில் 100 குழந்தைகளில் 80 பேராவது திறக்க முடியாமல் இருந்தால்தான் மூடி தேறும். முதியவர்களால் அதைத் திறந்து சரியாக மூட முடிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் படியுங்கள். தேறிய மூடியைக்கூட 100 குழந்தைகளில் 20 பேர் வரை திறந்துவிடலாம். எந்த மூடியும் தாய் தகப்பனின் கவனத்துக்கு ஈடாகாது.

ஓர் உயிர் போன பிறகு

2014 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை திரவ நிக்கோட்டினை விழுங்கி இறந்தது. இதன் பிறகு, 2015ஆம் ஆண்டின் நிக்கோட்டின் நச்சுத் தடுப்புச் சட்டம் 2016 ஜனவரியில் கையெழுத்தாகி, திரவ நிக்கோட்டின் பாட்டில்களுக்குக் குழந்தைத் தடுப்பு மூடியைக் கட்டாயமாக்கியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள் உத்தரவில் இன்னும் நுணுக்கமாகப் போனது. நிக்கோட்டின் பாட்டில் 10 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது. 1 மி.லி.யில் 20 மி.கி.க்கு மேல் நிக்கோட்டின் கூடாது. குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும், உடையவோ கசியவோ கூடாது. 2016இல் வாய்க்கும் அளவு வைத்தார்கள்: நீட்டு முனை குறைந்தது 9 மி.மீ. இருக்க வேண்டும், பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால் தானாக வடிவது நிமிடத்துக்கு 20 சொட்டைத் தாண்டக் கூடாது. ஒரு சொட்டு வேகமாக விழுவதைக்கூடச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்றால், உள்ளே இருப்பது எப்படிப்பட்ட பொருள் என்று யோசியுங்கள்.

நம் நாட்டில்?

இந்தியா 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் மூலமும், அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டம் மூலமும் இ-சிகரெட்டைத் தடை செய்தது. முழுப் பொருளாகவோ அதன் பகுதியாகவோ தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடைதான். முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைப்பவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புதுச்சேரிக்கும் இதே சட்டம்தான்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அனுமதிக்கப்பட்ட பொருளுக்குத்தான் மூடி எப்படி இருக்க வேண்டும் என்று அரசு சோதிக்கும். மறைவாக வரும் பொருளின் மூடியைச் சோதிப்பவர் யாரும் இல்லை. லேபிளில் எழுதியிருக்கும் அளவுக்கும் பொறுப்பேற்பவர் இல்லை. நம் பிள்ளையின் பையில் இருக்கும் பாட்டில் அப்படிப்பட்டது.

"சாப்பிடும் எசன்ஸ்தானே?"

பிள்ளைகள் சொல்லும் வாதம் இது. சாப்பிடுவது வயிற்றுக்குப் போகிறது, ஆவி நுரையீரலுக்குப் போகிறது. டயசெட்டில் என்ற வெண்ணெய் மணப் பொருளைச் சாப்பிடலாம் என்றே உணவில் சேர்த்தார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த அமெரிக்க பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு மீளாத நுரையீரல் நோய் வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 51 வகை இ-சிகரெட் ஃப்ளேவர்களைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், 39இல் டயசெட்டில் இருந்தது. 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டு 68 பேர் இறந்தனர். முறையற்ற வழியில் கலந்து விற்ற போதைத் திரவங்களில் சேர்த்த வைட்டமின் இ அசிடேட்டுக்கு அதில் பெரும் பங்கு இருந்தது.

சொட்டு ஓர் அளவு அல்ல

"பத்துச் சொட்டு ஊற்று" என்று கலப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். தண்ணீருக்கு ஏறக்குறைய 20 சொட்டு 1 மி.லி. என்பது பழைய மருந்தகக் கணக்கு. முனை மெலிந்தால் சொட்டு சிறுக்கும். திரவம் மாறினாலும் சொட்டின் அளவு மாறும். ஒரு பாட்டிலில் பழகிய கணக்கு அடுத்த பாட்டிலில் பொய்யாகும். நிக்கோட்டினை இப்படிக் கலப்பவருக்குத் தான் உள்ளே இழுப்பது எவ்வளவு என்று தெரியாது.

இந்தப் பாடம் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் தாய்மார்களுக்கும் பொருந்தும். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி.தான். இரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். ஒன்றின் டிராப்பரை மற்றொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம்

புகைபிடித்தல் ஹராம் என்று கூறும் ஆலிம்கள் உண்டு, மக்ரூஹ் என்போரும் உண்டு. மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2015 டிசம்பரில் இ-சிகரெட்டை ஹராம் என்று அறிவித்தது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்வதைத் திருக்குர்ஆன் தடுக்கிறது.

பாத்திரத்தின் வாயைப் பற்றியும் நமக்கு வழிகாட்டல் இருக்கிறது. இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும், தண்ணீர்த் தோல்பைகளின் வாயைக் கட்டி வைக்கவும், பிஸ்மில்லாஹ் சொல்லவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் காண்கிறோம். மூட வேறு எதுவும் கிடைக்காவிட்டால் குறுக்கே ஒரு குச்சியையாவது வைக்கச் சொன்ன மார்க்கம் இது. அந்த சுன்னத்தைக் குடிநீரோடு நிறுத்திக்கொள்ளாமல் வீட்டிலுள்ள ஒவ்வொரு குப்பிக்கும் கொண்டு செல்வோம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• அத்தர், நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த தைலங்கள் ஆகியவற்றைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டும் அலமாரியில் வையுங்கள். நீலகிரித் தைலமும் கற்பூரமும் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

• மண்ணெண்ணெய், டீசல், தின்னர், ஆசிட் எதையும் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். படகு வைத்திருக்கும் வீடுகளில் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

• கண் சொட்டு மருந்தையும் உடனடி ஒட்டுப் பசையையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இரண்டின் வடிவமும் ஒன்று போல இருப்பதால் பசையைக் கண்ணில் விட்டவர்கள் உண்டு.

• இனிப்பு வாசமுள்ள, பெயர் தெரியாத பாட்டிலைப் பிள்ளையிடம் கண்டால் கத்தாமல் கேளுங்கள். அடித்தால் அடுத்த பாட்டிலை இன்னும் மறைவான இடத்தில் வைப்பான். அதை முதலில் கண்டெடுப்பது அவனுடைய தம்பியாகவோ தங்கையாகவோ இருக்கலாம்.

• குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். தோலில் கொட்டியிருந்தால் உடையைக் கழற்றி நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்; நிக்கோட்டின் தோல் வழியாகவும் உள்ளே போகும். வாந்தி, எச்சில் வடிதல், வியர்வை, நடுக்கம், வெளிறிப்போதல், வலிப்பு ஆகியவை அறிகுறிகள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள், அல்லது ஜிப்மர் போன்ற மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனது என்னவென்று மருத்துவர் அறிய அது உதவும். தில்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

ஜுமுஆ பயானில் ஐந்து நிமிடம், மக்தப் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் இதைப் பேசினால் போதும். இன்றிரவு படுக்கும் முன் ஒருமுறை அலமாரியைத் திறந்து பாருங்கள். மூடி இல்லாத குப்பி, பெயர் இல்லாத பாட்டில், எட்டும் உயரத்தில் இருக்கும் தைலம் எதுவானாலும் அப்போதே சரிசெய்யுங்கள்.

அல்லாஹ் நம் சந்ததிகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன்.