சுருதி சேர்க்கும் நூல்

சுருதி மாதா என்பது நம்மவர் வாக்கு. இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள நார்தம்பர்லாந்துவாசிகளும் இவ்வுண்மையை அறிந்தவர்களே. அவர்களது சிறிய ‘பாக்பைப்’ வாத்தியத்தை வாயால் ஊதுவதில்லை. வலக்கையின் கீழுள்ள துருத்தி, இடக்கையின் கீழுள்ள தோற்பையில் காற்றை நிரப்புகிறது. ஒரு குழல் பாட, வழக்கமாக 3 குழல்கள் இடையறாது சுருதி கூட்டுகின்றன.

ஒவ்வொரு சுருதிக் குழலின் அடியிலும் ஒரு நாணற் சீவாளி உண்டு. அதில் கீறிய மெல்லிய நாக்கின் அடியை ஒரு நூற்கட்டு இறுக்கி நிற்கிறது. கட்டை நுனிப்பக்கம் நகர்த்தினால் நாக்கின் அதிரும் பாகம் குறுகிச் சுருதி ஏறும். அடிப்பக்கம் தள்ளினால் இறங்கும். தம்புராவின் ஜீவநூலை நகர்த்திப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும்.

எல்லாக் குழல்களையும் ஒருங்கே திறந்துவிட்டுச் சுருதி தேடுவது வீண். மற்றவற்றை அடைத்து, வாசிக்கும்போதுள்ள அதே காற்றழுத்தத்தில், ஒன்றை மட்டும் பாட்டுக் குழலோடு இசைத்துக் கேட்க வேண்டும். பேதம் இருந்தால் நாதம் அலைபோல் பெருகித் தேயும். குழலின் மேற்பகுதியைச் சிறிது இழுத்தோ அழுத்தியோ சரிசெய்ய, அலை மெதுவாகி அடங்கும். அதுவே சுருதி சேர்ந்த கணம். பிறகு அடுத்த குழல்.

அவசரக்காரர் உடனே கத்தியை எடுத்து நாக்கைச் சீவுவார். நகர்த்திய நூலை மீட்டும் நகர்த்தலாம். சீவிய நாணலை ஒட்டவைக்க எவராலும் இயலாது. ஆதலின் முதலில் நூல், கடைசியில்தான் கத்தி. பிள்ளைகளைத் திருத்தும் எம் போன்ற உபாத்தியாயர்களுக்கும் இது நல்ல பாடமே.