மனசு சரியில்லையா? மன ஆலோசகர் என்ன செய்வார்?



கையில் வெட்டுக்காயம் பட்டால் நாம் மறைப்பதில்லை. கட்டுப் போட்ட கையோடு பெரட்டுக்குப் போகிறோம். மண்டோர் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லாரும் விசாரிக்கிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், "எதுக்குத்தான் உயிரோட இருக்கிறேனோ" என்று உள்ளுக்குள் புழுங்குகிறவர் வாய் திறப்பதில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லே, உடம்பு அசதி" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். "கவுன்சிலிங் போய்ப் பாரேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம்தான் வரும். "எனக்கு என்னா பைத்தியமா? என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறியா?"

இந்தப் பயத்துக்கு முக்கியமான காரணம், மன ஆலோசகரின் அறைக்குள்ளே என்ன நடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாததுதான். அதை இந்த மாதம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் அந்தப் பயம்

பேராக்கில் இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் 'ஹோஸ்பிட்டல் பஹாகியா'. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. நாமோ அந்த ஊரின் பெயரையே தலைமுறை தலைமுறையாக வசைச்சொல் ஆக்கிவிட்டோம். அங்கே சேர்க்கப்படுகிறவர்களும் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறார்கள் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள்.

மன ஆலோசகரிடம் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த வாசலை மிதிக்க வேண்டிய தேவையே வராது. கடன் தொல்லை, குடும்பச் சண்டை, பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம், வேலை போய்விடுமோ என்ற பயம், விட முடியாத குடி, இப்படிப்பட்ட காரணங்களுக்காகவே மனிதர்கள் அங்கே போகிறார்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, நம் நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. ஏறக்குறைய 10 லட்சம் பேர்! 2019இல் இது நூற்றுக்கு 2.3 ஆக இருந்தது. ஆகவே, இந்தக் கஷ்டம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல.

யார் யார், என்ன வேலை?

மனநல மருத்துவர், டாக்டர் படிப்புப் படித்தவர். தேவைப்பட்டால் மருந்து எழுதிக் கொடுப்பார். மருத்துவ உளவியலாளர், மனநோயைச் சோதித்து அறிந்து, பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை செய்பவர். மருந்து தரமாட்டார். மன ஆலோசகர், வாழ்க்கைச் சிக்கலில் மாட்டிக்கொண்டவரோடு உட்கார்ந்து பேசி வழி காண உதவுபவர். அவரும் மருந்து தரமாட்டார். நோய் கடுமையாக இருப்பதாகத் தெரிந்தால் டாக்டரிடம் அனுப்பி வைப்பார்.

நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் மன ஆலோசகர் என்று பலகை மாட்டிவிட முடியாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழில் நடத்தும் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் 'கே.பி., பி.ஏ.' என்று போட்டிருப்பார்கள். மலாயில் 'காவுன்செலோர் பெர்டாஃப்தார்', 'பெராக்குவான் அமாலான்' என்பதன் சுருக்கம் அது. "நீங்கள் பதிவு பெற்றவரா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

ஒரே ஆலோசனை நிலையத்தில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் ஒரே மாதிரி வேலை செய்யமாட்டார்கள். பால்மரம் வெட்டுகிறவருக்கு ஒரு கத்தி, குலை அறுக்கிறவருக்கு வேறு கத்தி. அதுபோல அவர்களுக்கும் வெவ்வேறு முறைகள் உண்டு. முக்கியமான சிலவற்றைச் சொல்கிறோம்.

ஒன்று: முழுமனத்தோடு கேட்பது

"சும்மா பேசிக்கிட்டிருந்தா சரியாயிடுமா?" என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் கஷ்டத்தைச் சொன்னால் என்ன நடக்கிறது? பாதியிலேயே புத்திமதி வந்துவிடும். "சாமியைக் கும்பிடு", "அவனை விட்டுத் தள்ளு", "எனக்கு வந்த கஷ்டத்தை விடவா?" சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் வெளியிட்ட நூலில் வேறொரு வழியை விளக்கினார். ஆலோசகர் தீர்ப்புச் சொல்லாமல், குறுக்கே பேசாமல், எதிரில் இருப்பவரை மதித்துக் கேட்க வேண்டும். தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அப்படிக் கேட்கப்படுகிற மனிதர் தன் மனத்தைத் தானே தெளிவாகப் பார்க்கத் தொடங்குவார். இன்று எந்த முறையில் வேலை செய்யும் ஆலோசகரும் இந்த அடிப்படையை விடுவதில்லை. ஆகவே முதல் நாளில் அவர் புத்தி சொல்லவில்லையே என்று ஏமாற வேண்டாம். அவர் தம் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

இரண்டு: எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பது

1960களில் ஏரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மனச்சோர்வில் இருப்பவர்களின் மனத்தில் சில எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர்களும் அவற்றை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, ஒரு தாயின் மகன் எஸ்.பி.எம். பரீட்சையில் தோற்றுவிட்டான். "நான் படிக்காதவ, என்னாலதான் பிள்ளை கெட்டுப் போச்சு" என்று அவர் இரவெல்லாம் அழுகிறார். ஆலோசகர் "அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்று வாயை அடைக்கமாட்டார். அந்த எண்ணத்தை ஒரு தாளில் எழுதச் சொல்வார். அது உண்மை என்பதற்கு என்ன சாட்சி, இல்லை என்பதற்கு என்ன சாட்சி என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். விடியற்காலை எழுந்து சமைத்து வைத்தது யார்? டியூஷனுக்குப் பணம் சேர்த்தது யார்? மூத்த மகள் படித்து வேலைக்குப் போகவில்லையா? இப்படிப் பார்த்த பிறகு, "பையன் தோத்துட்டான், அது வருத்தம்தான், ஆனா எல்லாம் என் தப்புன்னு சொல்ல முடியாது" என்ற இடத்துக்கு அந்தத் தாயே வந்து சேர்வார். இந்த முறையில் வழக்கமாக ஆறு முதல் இருபது சந்திப்புகள் வரை இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும்.

மூன்று: பயத்தைப் படிப்படியாகச் சந்திப்பது

தீம்பாரில் நாகப்பாம்பு சீறியதைக் கண்ட ஒருவர், அதன் பிறகு செம்பனை மரத்தடிக்குப் போனாலே நெஞ்சு படபடத்து வேர்த்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஆம்பிளை பயப்படலாமா?" என்று கேலி செய்தால் பயம் போகாது. பயந்து விலகிக்கொண்டே இருந்தாலும் அது வளரத்தான் செய்யும்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958இல் ஒரு முறையை நூலாக எழுதினார். முதலில் மூச்சை மெதுவாக விட்டு உடம்பைத் தளர்த்தப் பழக்குவார்கள். பிறகு பயத்தைச் சிறிய படிகளாகப் பிரிப்பார்கள். முதலில் தோட்டத்தை நினைத்துப் பார்ப்பது, அடுத்து தூரத்தில் நின்று பார்ப்பது, அடுத்து துணையோடு ஒரு வரிசை நடப்பது. ஒரு படியில் மனசு அமைதியான பிறகே அடுத்த படி. அவசரப்படுத்தமாட்டார்கள்.

நான்கு: குடிக்கிறவரிடம் பேசும் முறை

சம்சுவும் பீரும் எத்தனை குடும்பங்களைச் சாய்த்தன என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திட்டினோம், அடித்தோம், சத்தியம் வாங்கினோம், பலருக்கு ஒன்றும் பலிக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையில் மாற்று வழி காட்டினார். குடிப்பவரோடு வாதாடினால் அவர் குடிக்கு வக்கீலாகிவிடுவார். விட வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

ஆலோசகர் இப்படிக் கேட்பார்: "குடியை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? சைபர்லேர்ந்து பத்துக்குள்ளே ஒரு நம்பர் சொல்லுங்க."

"மூணு."

"ஏன் சைபர்னு சொல்லலே?"

அந்த மனிதர் கொஞ்ச நேரம் யோசிப்பார். "மகள் பேசறதில்லீங்க. பேரப்பிள்ளையையும் காட்ட மாட்டேங்கிறா" என்பார். அங்கேதான் பேச்சு தொடங்குகிறது.

ஓர் எச்சரிக்கை. பல காலமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

ஐந்து: குடும்பத்தோடு உட்காருவது

பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி. பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறது. டாக்டர் பார்த்தால் வயிற்றில் ஒன்றுமில்லை. இப்படி வந்தால் சில ஆலோசகர்கள் அப்பா, அம்மா, பாட்டி எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். சால்வடோர் மினூச்சின் என்ற மருத்துவர் இந்தக் குடும்ப முறையை வளர்த்தவர்களில் ஒருவர். இரவில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுகிறார்கள். தான் பள்ளிக்குப் போனால் வீட்டில் என்ன நடக்குமோ என்று பிள்ளை பயந்து காவல் இருக்கிறது. இப்படிப்பட்ட சங்கதி அங்கேதான் வெளியே வரும். "யார் தப்பு?" என்ற விசாரணை அது அல்ல. ஒருவருக்கொருவர் நடந்துகொள்ளும் விதத்தில் எதை மாற்றலாம் என்ற யோசனை.

எது நல்ல முறை?

எல்லா முறைக்கும் பொதுவானது ஒன்று உண்டு. ஆலோசகருக்கும் உங்களுக்கும் இடையில் நம்பிக்கை ஏற்பட்டால்தான் பலன் கிடைக்கும் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு மூன்று தடவை போயும் மனசு ஒட்டவில்லை என்றால், "எனக்குச் சரிப்படலீங்க" என்று சொல்லலாம். வேறு ஆலோசகரைக் கேட்கலாம். ஒருவர் சரிப்படாததால் கவுன்சிலிங்கே பயனில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் "ஒரே வாரத்தில் குணமாக்குகிறேன், மொத்தப் பணத்தையும் கட்டு" என்பவரிடமும், தகாத முறையில் நடப்பவரிடமும் மறுபடி போகாதீர்கள்.

வெளியே தெரிந்துவிடுமா?

லயத்து வீட்டில் ஒரு பக்கம் இருமினால் மறுபக்கம் கேட்கும். ஆகவே இந்தப் பயம் நியாயமானதே. நீங்கள் சொல்வதை ஆலோசகர் இரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர். உங்கள் சம்மதம் இல்லாமல் மேனேஜரிடமோ, கிராணியிடமோ, கணவர் மனைவியிடமோ சொல்லக்கூடாது. விதிவிலக்கு சில உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து இருந்தால், ஒரு பிள்ளை கொடுமைப்படுத்தப்பட்டால், நீதிமன்றம் கட்டளையிட்டால். இவற்றை முதல் சந்திப்பிலேயே விளக்கிச் சொல்லும்படி கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. அங்கே டிக்சன் சிபண்டா என்ற மருத்துவர் 2006ஆம் ஆண்டு 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக்குக்கு வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கஷ்டத்தைக் கேட்டு, ஒவ்வொரு சிக்கலாக எடுத்து வழி காண அவர்கள் உதவினார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பாட்டிமார் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். முறையான பயிற்சியும் பொறுமையும் அவர்களிடம் இருந்தன.

நம் வீட்டிலும் பொறுமையாகக் கேட்க முடியும். புத்திமதியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். "சாகலாம்போல இருக்கா?" என்று நேராகக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மறைத்து வைத்ததைச் சொல்ல வழி பிறக்கும். "ஆமாம்" என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள களைக்கொல்லி, மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாதபடி பூட்டி வைத்து, உடனே உதவி தேடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது.

எங்கே போவது?

முதலில் பக்கத்திலுள்ள அரசாங்க 'கிளினிக் கெசிஹாத்தான்'. குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர்கள் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். "தூக்கம் வரலே, மனசு சரியில்லே" என்று சொன்னாலே போதும். சில கேள்விகள் கேட்டு, தேவைப்பட்டால் ஆலோசகரிடமோ 'மெந்தாரி' மனநல நிலையத்துக்கோ அனுப்புவார்கள்.

நேரில் போக முடியாதவர்கள் தொலைபேசியில் பேசலாம். தமிழில் பேசுபவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

சுகாதார அமைச்சின் 'ஹீல்' தொலைபேசிச் சேவை: 15555
'பிஃபிரெண்டர்ஸ்' கோலாலம்பூர் (1970 முதல் இயங்குகிறது, 24 மணி நேரம்): 03-7627 2929
'தாலியான் காசே' (குடும்ப வன்முறை, பிள்ளைக் கொடுமை உட்பட, 24 மணி நேரம்): 15999
உயிருக்கு ஆபத்தான நேரத்தில்: 999

இந்த எண்களைக் கத்தரித்து வீட்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். ஆனால் ஒரு நாள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கண்ணில் அது படட்டும்.