பள்ளி முற்றத்தில் ஒரு நிழற்படம்



தமிழில் புகைப்படத்திற்கு வேறு இரு பெயர்களும் உண்டு. சிலர் நிழற்படம் என்பர்; சிலர் ஒளிப்படம் என்பர். பள்ளிப் படிப்பை முடித்துப் பிரியும் மாணவர்களைத் திறந்த வெளியில் நிறுத்தி எடுக்கும் படங்களைக் காணும்போதெல்லாம், நிழற்படம் என்னும் பெயரே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. புருவத்தின் நிழல் கண்ணை மூடுகிறது. மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது. தாடையின் நிழல் கழுத்தை மறைக்கிறது. இவற்றிற்கிடையே பிள்ளையின் முகத்தை நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

நான் படக்கலைஞன் அல்லேன். பல ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து, ஆண்டுதோறும் நாற்காலி வரிசையின் நடுவே முழங்கால்மீது கைவைத்து அமர்ந்த அனுபவம் ஒன்றே எனக்குரிய தகுதி. ஆயினும் இப்பொருள் பற்றி நான் கற்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தலைமையாசிரியப் பொறுப்பேற்ற மறு ஆண்டு, 2003-ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பிரிவுபசார நாள். காலை எட்டரை மணிக்குக் குழுப்படம் எடுப்பதாக ஏற்பாடு. விருந்தினர் வரத் தாமதமாயிற்று, பேச்சுகளும் நீண்டன. பிள்ளைகள் வெளியே வந்தபோது வெயில் உச்சியில் நின்றது. “மாலை நாலரைக்கு வைத்துக்கொள்ளலாமே, ஐயா” என்றார் படக்காரர். தொலைவிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள் என்று நான் மறுத்துவிட்டேன். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எனக்கும் பசித்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து ஓர் அம்மையார் என் அறைக்கு வந்தார். கையில் அந்தக் குழுப்படமும், அதிலிருந்து பெரிதாக்கிய ஒரு படமும் இருந்தன. மூன்றாம் வரிசையில் நின்ற அவர் மகன், வேலைக்குச் சென்ற ஊரில் சாலை விபத்தில் இறந்துவிட்டான். வீட்டில் அவனுக்கு வேறு படம் இல்லை. பெரிதாக்கிய படத்தில் நெற்றி வெளுத்திருந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கருங்குழிகள். “கண்ணு தெரியுற மாதிரி வேற படம் இருக்குங்களா, ஐயா?” என்று கேட்டார். பள்ளியில் இருந்ததும் அதே படந்தான். படச்சுருளை ஸ்டூடியோக்காரர் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தாலும் பயனில்லை, படச்சுருளில் பதியாத கண்ணை எந்த இருட்டறையிலும் வரவழைக்க இயலாது.

அதன் பிறகே வெயிலைப் பற்றி நான் எண்ணத் தொடங்கினேன். பிப்ரவரித் திங்களின் பிற்பாதியில், அதாவது நம் பிள்ளைகள் பிரிவுபசாரம் நடத்தும் நாள்களில், சென்னையில் நண்பகல் ஞாயிறு தொடுவானிலிருந்து ஏறத்தாழ 65 பாகை உயரத்தில் நிற்கிறது. கன்னியாகுமரியில் அதனினும் மேலே. நம் புருவ எலும்போ கூரையின் இறவாரம்போல் கண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது. மேலிருந்து விழும் ஒளி அதைத் தாண்டிக் கண்ணை அடைவதில்லை. போதாக்குறைக்கு, கூசும் வெயிலில் பிள்ளை கண்ணைச் சுருக்குகிறது. ‘சிரி’ என்கிறோம். சுருங்கிய கண்ணும் விரிந்த வாயுமாக நிற்கும் அந்தத் தோற்றம் யாருடைய இயல்பான முகமும் ஆகாது.

படப்பெட்டி தோன்றுவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே, இத்தாலிய ஓவியர் லியோனார்டோ டா வின்சி இதை உணர்ந்திருந்தார். உருவப்படம் தீட்டுவோர் மேகமூட்டமான நாளையோ அந்தி சாயும் வேளையையோ தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தம் குறிப்பேடுகளில் அவர் எழுதிவைத்தார். வெயில் அடிக்கும் முற்றமாயின் மேலே துணி விரிக்கவும் சொன்னார். காரணம் எளியது. ஞாயிறு பேரளவினதாயினும் நம் கண்ணுக்கு ஒரு சிறு வட்டமே. சிறு விளக்கிலிருந்து வரும் ஒளி கூரிய நிழலை வெட்டும். மேகமோ, விரித்த துணியோ, அகன்ற வானமோ பெரிய விளக்கு. அது பல திசையினின்றும் வந்து நிழலின் ஓரத்தைக் கரைத்துவிடும்.

ஆகவே, வெயிலைத் தேடி ஓடாமல் நல்ல நிழலைத் தேட வேண்டும். நல்ல நிழல் என்று நான் கருதுவது பள்ளிக் கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில் மாலை மூன்றரை மணிக்குமேல் விழும் நிழல். கட்டடம் மேற்கு வெயிலை மறைத்துவிடும். எதிரே கிழக்கு வானம் முழுவதும் திறந்து கிடக்கும். பிள்ளையைத் தாழ்வாரத்தின் உள்ளே நிறுத்தாமல், அதன் விளிம்பில், வெளியைப் பார்த்து நிறுத்துங்கள். எதிரில் வெயில் விழும் மணல்தரை இருந்தால் அது இன்னும் நன்று. தரையில் பட்டுத் திரும்பும் ஒளி தாடைக்கும் கண்குழிக்கும் கீழிருந்து எட்டும். செலவில்லாத விளக்கு அது.

மரநிழலைப் பலர் விரும்புவர். அதில் ஒரு சூழ்ச்சி உண்டு. வேப்பமரத்தடியில் நிற்பவன் முகத்தில் இலைகளின் இடைவெளி வழியே வெயில் வட்டவட்டமாக விழும். படத்தில் அவை வெண்தேமல்போலத் தோன்றும். அந்த வட்டம் ஒவ்வொன்றும் ஞாயிற்றின் உருவமே என்பதை அறிவியல் ஆசிரியர்கள் இங்கே சொல்லிக்கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கங்கண சூரிய கிரகணத்தின்போது, கோவை, திண்டுக்கல் பக்கங்களில் மரத்தடியெல்லாம் ஒளி வளையங்களாகக் கிடந்தன. அது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் முகத்தின்மேல் வேண்டியதில்லை. அடர்ந்த புளியமரமோ ஆலமரமோ ஆனால் தடையில்லை. அங்கும் நிழலின் விளிம்பிலேயே நிறுத்துக.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி இது. பிள்ளையை நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். படப்பெட்டியைக் கையில் எடாமல் அவன் கண்களையே கவனியுங்கள். ஏதோ ஒரு திசையில் இரு விழிகளிலும் ஒவ்வோர் ஒளித்துளி மின்னும். அங்கே நிறுத்துங்கள். அந்தத் துளி இல்லாத படத்தில் கண் திறந்திருந்தும் உயிர் இராது.

மாலை ஐந்து மணிக்குமேல் வெயிலிலேயே எடுக்கலாம். ஆனால் நம் நாட்டு மாலை நீண்டு நிற்பதன்று. நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் ஞாயிறு செங்குத்தாக இறங்குகிறது. மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஏறத்தாழ 15 பாகை உயரத்தில் இருப்பது மளமளவென்று கீழே போய்விடும். ஐரோப்பிய நூல்களைப் படித்துவிட்டு, பொன்மாலை நெடுநேரம் காத்திருக்கும் என்று நம்பி ஏமாந்தவர்களை நான் அறிவேன். அவ்வேளையில் ஞாயிற்றைப் பிள்ளையின் முதுகுப்புறம் வைத்துக்கொண்டால் தலைமுடியின் ஓரம் பொன்வரையிட்டதுபோல் விளங்கும், கண்ணும் கூசாது. முகம் மட்டும் இருண்டுவிடும். அதற்கு ஒரு வெள்ளை வேட்டி போதும். இரு தோழர்கள் அதை விரித்துப் பிடித்துப் பிள்ளைக்கு எதிரே நான்கைந்து அடி தூரத்தில் நின்றால், வேட்டியில் பட்ட வெயில் முகத்திற்குத் திரும்பும். வேட்டி பிடிக்கும் தோழர்களின் கோலத்தைக் கண்டு பிள்ளை சிரித்துவிடும் என்பது கூடுதல் வரவு.

இனி நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படப்பெட்டிக்குள் இருக்கும் ஒளிமானி, தான் காண்பதெல்லாம் கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறமே என்று எண்ணிக்கொண்டு அளப்பது. வெள்ளைச் சுவரின்முன் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் கருநிறப் பிள்ளையை அது எப்படி அளக்கும்? வெளுப்பு மிகுதி என்று கணித்து ஒளியைக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், பிள்ளையின் முகம் கரியாகும். படச்சுருள் காலத்தில் இந்த அநீதி ஆலையிலேயே தொடங்கியது. கோடாக் நிறுவனம் வண்ணங்களைச் சரிபார்க்க அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் உருவமே இருந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் நிறம் செவ்வையாக வந்தால் எல்லாம் செவ்வை. பல இனப் பெண்களும் சேர்ந்த அட்டை 1990-களின் நடுவில்தான் வந்தது. கைப்பேசிகளில், கருநிற முகங்களையும் உள்ளவாறு காட்டவே ஒரு முறையை வகுத்ததாகக் கூகுள் நிறுவனம் அறிவித்தது 2021-ஆம் ஆண்டில்.

எனவே கருநிறப் பிள்ளையை வெள்ளைச் சுவரின்முன் நிறுத்தாதீர்கள். செங்கல் சுவர், பச்சை வேலி, மரக்கதவு இவற்றுள் ஒன்று பின்னே இருக்கட்டும். கைப்பேசியாயின் திரையில் பிள்ளையின் முகத்தை விரலால் தொடுங்கள். சட்டைக்கு வேண்டிய ஒளியை விட்டு முகத்திற்கு வேண்டியதை அது அளக்கும். சட்டை சற்று வெளுத்துப்போனால் போகட்டும். பத்தாண்டு கழித்துச் சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்?

முகத்திற்கு ஒளி தருவது வேறு. முகத்தையே வெளுப்பாக்குவது வேறு. பின்னதைச் செய்யும் ஸ்டூடியோக்கள் ஊருக்கு ஊர் உண்டு. என் மாணவி ஒருத்தி தன் படத்தைப் பாட்டியிடம் காட்டியபோது, “இது யாரு, உன் சிநேகிதியா?” என்று பாட்டி கேட்டாராம். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் படத்தை என்னிடம் கொடுக்கும்போது கவிழ்த்துக் கொடுத்தாள். பரு வந்தது போகும்; அதைப் படத்தில் அழித்தால் குற்றமில்லை. அல்லது பக்கவாட்டு ஒளியைத் தவிர்த்து நேர்ஒளியில் எடுத்தாலே அது பாதி மறைந்துவிடும். மச்சத்தை அழிக்கலாமா? மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று நாமே எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் மச்சமாயிற்றே அது!

நிற்கும் நிலையைப் பற்றிச் சில சொற்கள். 1839-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் டாகேரின் முறை வெளியானபோது, ஓர் உருவம் பதிவதற்குப் பல நிமிடங்கள் ஆயின. தலை அசையாதிருக்கப் பின்னாலிருந்து இரும்புக் கவ்வி கொடுத்தார்கள். இன்றோ ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு போதும். கவ்வி போய்விட்டது; நாம்தான் ‘அசையாதே, நிமிர்ந்து நில், கையைக் கட்டு’ என்று கவ்வியின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

நம் சிற்பிகளுக்கு இது தெரியும். இரு காலிலும் எடையைச் சமமாக வைத்து நேரே நிற்பதைச் சமபங்கம் என்றும், ஓர் இடுப்பில் எடை சாய்ந்து, உடல் மூன்றிடத்தில் வளைந்து நிற்பதைத் திரிபங்கம் என்றும் வகுத்தார்கள். சோழர் காலத்து உமையின் செப்புத்திருமேனியைப் பாருங்கள். ஒரு காலில் ஊன்றி நிற்கும் அந்நிலையில் உலோகமே மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளையைத் திரிபங்கத்தில் நிறுத்த வேண்டா. எடையைப் பின்காலுக்கு மாற்றித் தோளைச் சிறிது திருப்பினால் போதும். அணிவகுப்பில் நிற்கும் தோற்றம் அகன்றுவிடும்.

அந்த வயதில் கைகள் உடலைவிட முந்தி வளர்ந்திருக்கும். அவற்றை எங்கே வைப்பது என்று பிள்ளைக்கே தெரியாது. கைக்கு ஒரு வேலை கொடுங்கள். புத்தகம், மிதிவண்டியின் கைப்பிடி, தூண், தோழியின் தோள், ஏதேனும் ஒன்று. முதன்முறை புடவை உடுத்தி வந்த பெண்ணுக்கு முந்தானையே போதும். உயரமான பெண்கள் கூனி நிற்பர். அவர்களைத் திருத்துவதைவிடப் படிக்கட்டில் அமர்த்துவது மேல். கூச்சமுள்ள பிள்ளை தாடையைப் பின்னே இழுத்துக்கொள்ளும். ஆமை தலை நீட்டுவதுபோல் சிறிதே முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியில் ஒளி தெறித்தால் முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் தீரும். எடுப்பவர் ஆறேழு அடியாவது விலகி நிற்க வேண்டும். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது சிறுக்கும்.

‘சிரி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்லுங்கள். திறந்த அந்தக் கணத்தில் முகத்தில் கூச்சமும் இராது, நடிப்பும் இராது. பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளை வாயை மூடியே இருந்தால் இருக்கட்டும்.

அந்த அம்மையார் வந்துபோன மறு ஆண்டு முதல், எங்கள் பள்ளியில் பிரிவுபசாரக் கூட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றினோம். மூன்றரை மணிக்குக் கீழைத் தாழ்வாரத்தின்முன் குழுப்படம். அது முடிந்ததும் ஒவ்வொரு மாணவனையும் மாணவியையும் தனித்தனியே நிறுத்தி ஒரு படம். ஒருவருக்கு ஒரு நிமிடம். நாற்பது பேருக்கு நாற்பது நிமிடம். பேருந்துக்குப் போக வேண்டியவர்களை முதலில் எடுத்து அனுப்பினோம். ஒரு பிரதி வீட்டுக்கு. இன்னொரு பிரதி, பின்புறம் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி, உறையிலிட்டு அலுவலக அலமாரியில்.

2016-ஆம் ஆண்டு நான் ஓய்வு பெற்றபோது அலமாரியில் எட்டு உறைகள் இருந்தன. சாவியை எனக்குப்பின் வந்தவரிடம் ஒப்படைத்தேன். 2003-ஆம் ஆண்டுக் குழுப்படத்தையும் அவற்றோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.