சீன மண்ணில் நம்மவர்

அயல்நாட்டில் குடியேறுவோரைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் வழங்கி வருகின்றன. போனவர்கள் போன இடத்திலேயே கரைந்து தாய்நாட்டை மறந்து விடுகிறார்கள் என்பது ஒன்று. தாய்நாட்டின்மீது பற்றுள்ளவர்கள் எந்த அயல் மண்ணிலும் மனமொன்றி வாழ இயலாது என்பது மற்றொன்று. மனிதனுடைய அன்பைப் படியால் அளக்கும் அரிசியென எண்ணி, ஓரிடத்தில் இட்டால் மற்றோரிடத்தில் குறைந்துபோம் என்று கருதுவோர்க்கே இவ்விரண்டும் மெய்யாகத் தோன்றும். சீன தேசத்திற்குச் சென்ற நம்மவரின் சரித்திரமோ வேறு விதமாகச் சாட்சி சொல்லுகிறது. புகுந்த நாட்டில் ஒன்றி வாழ்வதற்கும் பிறந்த நாட்டை நினைப்பதற்கும் விரோதம் யாதுமில்லை. இரண்டையும் ஒருங்கே கெடுப்பது ஒன்றுண்டு. அது பிறருடைய ஏவலாளாய் ஒரு நாட்டினுள் நுழைவதேயாகும்.

முதலில் தமிழ் வணிகரைப் பார்ப்போம். சீனத்தின் தென்கிழக்குக் கரையில், பூஜியன் மாகாணத்தில், குவான்சோ என்னும் பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே 1956-ம் ஆண்டில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அதன் பெரும்பகுதி தமிழ். இறுதியில் சீன எழுத்தும் உண்டு. சக வருஷம் 1203, சித்திரை மாதம் என்று காலம் குறிக்கப்பட்டிருக்கிறது, அதாவது கி.பி. 1281. அப்போது சீனத்தை ஆண்டவன் மங்கோலியச் சக்கரவர்த்தியாகிய குப்ளாய் கான். சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் திருமேனி நன்றாயிருக்கும்படி, அவனது ஆணையோலையின்படி, திருக்கதலீசுவரமுடைய நாயனாரை அங்கு எழுந்தருளச் செய்ததை அக்கல்வெட்டு தெரிவிக்கின்றது.

நேயர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். கல்லில் வெட்டிய எழுத்து தாய்மொழி; எழுந்தருளிய தெய்வம் தாய்நாட்டுத் தெய்வம்; வேண்டுதலோ புகுந்த நாட்டு அரசனுடைய க்ஷேமத்திற்காக. ஊரை மறந்தவன் பல்லாயிரம் கல் தொலைவில் சிவனைப் பிரதிஷ்டை செய்ய மாட்டான். புகுந்த நாட்டை வெறுப்பவன் அதன் அரசனுக்காகப் பிரார்த்திக்க மாட்டான். அந்த வணிகர் இரண்டையும் ஒரே கல்லில் செய்து முடித்தனர். அக்கோயில் இன்று நிற்கவில்லை. ஆயினும் அதனோடு சேர்ந்தவை எனக் கருதப்படும் சிற்பக் கற்கள் அந்நகரத்துக் கையுவான் பௌத்த ஆலயத்திலும் பொருட்காட்சிச் சாலையிலும் காணப்படுகின்றன. கண்ணனும் நரசிம்மமும் அங்கே தூணில் உருப்பெற்று நிற்கின்றனர். அருகேயுள்ள சேதியன் என்னும் சிற்றூரிலோ, நம் நாட்டுச் சாயலுடைய தேவி உருவம் ஒன்றைச் சீனக் கிராமத்தார் தங்கள் குவான்யின் தேவியாகவே எண்ணித் தூபமிட்டு வணங்கி வருகின்றனர். குடியேறியோர் மறைந்து பல நூற்றாண்டுகள் சென்ற பின்னும் அவர்கள் கொண்டுசென்ற தெய்வம் அவ்வூராருடைய தெய்வமாகி விட்டது. இதனினும் இனிய குடியேற்றம் வேறு எது?

இனி, அடிமைத்தனத்தின் காலத்தைப் பார்ப்போம். 1839 முதல் 1842 வரை பிரிட்டிஷார் நடத்திய அபினி யுத்தத்தில் இந்தியச் சிப்பாய்களும் சீனத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். அபினி விளைந்தது இந்திய மண்ணில். அதனைச் சீனர் வாயில் திணிக்கத் துப்பாக்கி ஏந்தியவர்களுள் இந்தியரும் இருந்தனர். 1841 மே மாதத்தில் காண்டன் நகருக்கு அருகே சான்யுவான்லி என்ற இடத்தில் குடியானவர்கள் ஈட்டியும் மண்வெட்டியும் ஏந்தித் திரண்டு எதிர்த்தபோது, அவர்களிடையே சிக்கித் தவித்தது 37-வது சென்னைக் காலாட்படையின் ஒரு பிரிவு. அந்தச் சிப்பாய்க்குச் சீனனிடம் பகை என்ன? யாதொன்றுமில்லை. மாதச் சம்பளமே அவனை அங்கு கொண்டு நிறுத்தியது.

பின்னர் ஷாங்காய் நகரத்து அன்னியர் குடியிருப்பில், 1880-களிலிருந்து, சீக்கியர்கள் போலீஸ் சேவகத்தில் அமர்த்தப்பட்டனர். அவர்கள் அந்நகரில் குருத்துவாரா கட்டிக் கொண்டனர். பலர் நெடுநாள் வாழ்ந்தனர். ஆயினும் சீனருடைய கண்ணில் அவர்கள் வெள்ளையனுடைய தடியாகவே தோன்றினர். 1925 மே 30-ந் தேதி நான்கிங் வீதியில், நிராயுதபாணிகளான மாணவர்களும் தொழிலாளரும் அடங்கிய கூட்டத்தின்மீது ஆங்கிலேய அதிகாரி சுடும்படி கட்டளையிட்டபோது, சுட்டவர்களுள் சீக்கியப் போலீசாரும் இருந்தனர். சீனப் போலீசாரும் இருந்தனர். ஏவலாளாய் நிற்பவன் அயலானாயினும் சுதேசியாயினும் அவன் கை அவனுடையதன்று என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. இதனை உணர்ந்தே, கதர் கட்சியார் அச்சீக்கியரிடையே தேசிய உணர்ச்சியைப் பரப்பினர். 1927-ல் பிரஸ்ஸல்ஸ் மகாநாட்டில் பண்டித ஜவாஹர்லால் உள்ளிட்ட இந்தியப் பிரதிநிதிகளும் சீனப் பிரதிநிதிகளும் ஒருங்கு கூடி ஓர் அறிக்கை வெளியிட்டதும் இதே உணர்ச்சியினால்தான்.

அந்தக் களங்கத்தைத் துடைத்தவர் ஒரு வைத்தியர். ஜப்பானியர் சீனத்தை அழித்துக் கொண்டிருந்தபோது, சேனைத் தலைவர் ஜூ தேயின் வேண்டுகோளுக்கு இணங்கி, 1938-ல் காங்கிரஸ் மகாசபை ஐந்து வைத்தியர்களை அனுப்பியது. அவர்களுள் ஒருவர் ஷோலாப்பூரில் பிறந்த துவாரகாநாத் கோட்னிஸ். அவருக்கு அப்போது வயது 27. அவர் சீன மொழியைக் கற்றார்; அம்மொழியிலேயே மாணாக்கர்களுக்குப் பாடம் சொன்னார்; வடசீனத்துக் கிராமங்களில் காயம்பட்டோர்க்குச் சிகிச்சை செய்தார்; பெத்யூன் சர்வதேச சமாதான வைத்தியசாலையின் தலைவரானார். 1941-ல் குவோ சிங்லான் என்னும் சீன மாதை மணந்தார். அடுத்த வருஷம் பிறந்த மகனுக்கு இன்ஹுவா என்று பெயரிட்டனர். ‘இன்’ என்பது இந்தியா. ‘ஹுவா’ என்பது சீனம். 1942 டிசம்பர் 9-ந் தேதி, 32-ம் வயதில், கோட்னிஸ் அங்கேயே உயிர் நீத்தார். ஷிஜியாசுவாங் நகரில் அவருடைய சமாதியைச் சீன மக்கள் இன்றும் போற்றி வருகின்றனர். இந்திய மக்களின் பெயரால் சென்றதனால் அவர் இந்தியராகவே இருந்தார். தம் இச்சையால் சேவை செய்ததனால் சீனருக்கும் சொந்தமானார்.

இவற்றையெல்லாம் இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 2020-ல் கொள்ளைநோய் பரவிய காலத்தில் 23,000-க்கு மேற்பட்ட இந்திய மாணவர்கள் சீனக் கலாசாலைகளைச் சேர்ந்தவர்களாயிருந்தனர். பெரும்பாலோர் வைத்திய மாணவர். ஊர் திரும்பியவர்களுக்கு 2022 ஆகஸ்டு வரை மீண்டும் படிக்கச் செல்ல வழி திறக்கவில்லை. இதனிடையே 2020 ஜூன் மாதத்தில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் 20 பேர் உயிர் துறந்தனர். நின்றுபோன நேர் விமானப் போக்குவரத்து 2025 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. எல்லையில் பகைமை மூண்டவுடன், அந்நாட்டில் வாழ்ந்து அந்நாட்டாரைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்பவரையும் சந்தேகக் கண்ணோடு நோக்குவோர் நம்மிடையே தோன்றுகின்றனர்.

அச்சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1962 யுத்தத்தை ஒட்டி இந்திய சர்க்கார் சுமார் 3,000 சீன வம்சத்தாரை விசாரணையின்றி ராஜஸ்தானத்துத் தேவ்ளி முகாமில் அடைத்தது. அவர்களுள் பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். முகத்தைக் கண்டு விசுவாசத்தை அளந்த அச்செய்கை தேசத்திற்கு யாதொரு பலத்தையும் தரவில்லை. ஒரு சர்க்காரின் செய்கையைக் கண்டிப்பது வேறு. ஒரு ஜன சமூகத்தைப் பகைப்பது வேறு. எல்லையைக் காப்பது நம் கடமை. அக்கடமைக்காக அண்டை வீட்டானோடு பேசத் தெரிந்த நம் பிள்ளைகளைச் சந்தேகிப்பது, வீட்டைக் காக்கிறோமென்று வீட்டு ஜன்னலை உடைப்பதற்கு ஒப்பாகும்.

சீனத்தில் வாழும் நம் இளைஞர்க்கும் ஒரு வார்த்தை சொல்வோம். விடுதியில் நம்மவரோடு மட்டும் கூடி, நம் சமையலை மட்டும் உண்டு, பட்டத்தைப் பெற்றுக்கொண்டு திரும்பிவிடுவது எளிது. அது நாட்டுப்பற்றுமாகாது, குடியிருப்புமாகாது. அவ்வூர் மொழியைக் கற்றுக் கொள்ளுங்கள். நோயாளியின் வேதனையை அவன் சொல்லிலேயே கேட்டறியுங்கள். தாய்மொழியில் வீட்டிற்கு எழுதுவதையும் தாய்நாட்டு விவகாரங்களைக் கவனிப்பதையும் விடாதீர்கள். இங்கிருக்கும் பெற்றோரும் தேச ஊழியரும் அவர்கள் கொண்டுவரும் அறிவை மதித்துக் கேட்பார்களாக.

சிப்பாயை அனுப்பியது ஏகாதிபத்தியம். அவனுக்கு வேறு வழியில்லை. இன்று செல்பவர்கள் சுதந்திர நாட்டின் மக்கள். எவ்விதமாக அங்கு வாழ்வது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. குவான்சோ வணிகரும் கோட்னிஸும் காட்டிய வழியில் அவர்கள் செல்வதற்கு அன்னிய ஆட்சி இனித் தடையாக நிற்பதில்லை. நம்முடைய சந்தேகமும் தடையாக நில்லாதிருக்க வேண்டும்.