ஆபரேஷனுக்கு முன்னால் கிரியாட்டினின்

ஆரணியில் பட்டு நெய்பவர்களுக்கு முட்டி வலியும் இடுப்பு வலியும் புதிதல்ல. நாள் முழுக்கப் பள்ளத்தறியில் உட்கார்ந்து மிதிக்கிற உடம்பு. முகூர்த்த மாதங்களில் சேலையைச் சொன்ன நாளில் கொடுத்தாக வேண்டும் என்பதால், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி தறியில் இறங்குகிறவர்கள் உண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தால் பாதிப்பு வெளியே தெரியாமலே வளரும்.

இப்படிப்பட்டவருக்கு ஹெர்னியாவோ பித்தப்பைக் கல்லோ வந்து ஆபரேஷன் என்றால்தான் சிக்கல். மயக்க மருந்தில் ரத்த அழுத்தம் இறங்கும், ரத்தமும் போகும், முந்தைய இரவிலிருந்து தண்ணீரே குடித்திருக்க மாட்டார். ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் இதில் திடீரெனச் செயலிழக்கலாம்.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் கூடினாலே அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாவிட்டால், கூடியதை எதை வைத்துச் சொல்வது? ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் அந்த ஒரு பரிசோதனையை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். எண்ணை மட்டும் பார்த்தும் நிம்மதியடையக் கூடாது. 70 வயதுப் பெண்ணுக்கு 1.1 என்பது பல லேப் சீட்டுகளில் நார்மல். வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே இறங்கிவிடும்.

சாப்பிடும் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பிரஷர் மாத்திரையில் எதை நிறுத்துவது என்பதும் அவர் முடிவு. டயாலிசிஸில் இருப்பவருக்குப் பெரும்பாலும் முந்தைய நாளே டயாலிசிஸ் முடித்துவிடுவார்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசியும் கூடாது, பிரஷரும் பார்க்கக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பின் சிறுநீரின் அளவைக் கேளுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்து ஆறு மணி நேரம் நீடித்தால் அது எச்சரிக்கை.

நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் நடந்த வேலூர் சி.எம்.சி. ஆரணிக்குப் பக்கம்தான். ஆனால் சிறுநீரக மாற்று வரை போகவிடாமல் காக்கும் சோதனை உள்ளூரிலேயே இருக்கிறது. சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டைச் சோதனையை அரசு சுகாதார நிலையங்களுக்கு 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்தது.

பாதிப்பு வந்து தேறியவர்கள் மூன்றாவது மாதம் கிரியாட்டினினையும் சிறுநீர்ப் புரதத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். அதன் பிறகும் முட்டி வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால்தான்.