தள்ளுபடிக் கத்தியும் அதன் உறையும்



திருப்பெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடம் ஒரகடம். இப்பகுதியைச் சுற்றிலும் இன்று ஆலைகள் எழுந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலை கார்களை உருவாக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. இத்தகைய ஆலைகளில் ஒரு பாகம் குறித்த அளவினின்று மயிரிழை பிறழ்ந்தாலும் அதனை ஒதுக்கி வைத்துவிடுவர். ஒதுக்கும்போது, இன்ன குறையால் ஒதுக்கப்பட்டது என்று ஒரு சீட்டும் அதனுடன் கட்டப்படும். அந்தச் சீட்டைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன். ஏனெனில், கடையில் தள்ளுபடி விலைக்குக் கிடைக்கும் பொருளில் அத்தகைய சீட்டு இராது. அதை வாங்குபவன் தானே எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் இப்பகுதிப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பிப்பவன். சாரணர் மாணவரை முகாமுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பும் எனக்குண்டு. முகாமில் விறகு பிளக்கவும், கூடார முளை சீவவும், கயிறு அறுக்கவும் உறுதியான கத்தியொன்று தேவைப்பட்டது. இரும்புச் சாமான் கடையொன்றில், 1,200 ரூபாய் விலையிட்ட காட்டுக் கத்தி 450 ரூபாய்க்குக் கிடந்தது. அலகு நான்கரை அங்குலம், மரப்பிடி, தோல் உறை. அலகில் துருப்புள்ளிகள் இருந்தன, பிடி ஆடியது, உறையில் பூஞ்சை பூத்துத் தையல் விட்டிருந்தது. "மழையில் நனைந்த சரக்கு, ஐயா" என்றார் கடைக்காரர். சீட்டின் முதல் வரி கிடைத்துவிட்டது.

எனினும், பிறர் கூறும் காரணத்தோடு நின்றுவிடலாகாது. குறைகள் இருவகைப்படும்: கையுழைப்பால் நீக்கக்கூடியவை, நீக்க முடியாதவை. துரு, மழுங்கல், ஆடும் பிடி, கிழிந்த உறை ஆகியவை முதல் வகை. அலகில் வெடிப்பு, முறுக்கிக்கொண்ட முதுகு, பதமற்ற இரும்பு ஆகியவை இரண்டாம் வகை. ஆதலால் கத்தியின் முதுகைக் கண்ணருகே பிடித்து நூல் பிடித்தாற்போல் நேராக உள்ளதா என்று பார்த்தேன். பிடிக்குள் இரும்பு கடைசிவரை செல்கிறதா என்று கவனித்தேன். கடைக்காரரிடம் ஒரு சிறு அரம் வாங்கி, அலகின் ஓரத்தில் மெல்ல உரசினேன். அரம் பற்றாமல் வழுக்கிச் சென்றது. அது நற்குறி. பதமேற்றிய எஃகில் அரம் வழுக்கும். மெல்லிரும்பில் பற்றி அராவும்.

இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது? இரும்பில் கலந்துள்ள கரிமத்தின் அளவால். கட்டடக் கம்பிகளுக்கு உதவும் மெல்லெஃகில் கரிமம் நூற்றுக்குக் கால் பங்கு அளவே இருக்கும். அதனை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் நல்ல கூர் நில்லாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஏறக்குறைய அரைப் பங்கோ அதற்குச் சற்று மேலோ உண்டு. எனவேதான் நம் ஊர்க் கொல்லர்கள் பழைய பட்டைகளை வாங்கி அரிவாள் அடிக்கின்றனர். பண்டைக் காலத்தில் கொங்கு நாட்டுக் கொடுமணல் முதலிய இடங்களில் மூசையில் உருக்கப்பட்ட எஃகில் கரிமம் இதனினும் மிகுதி. அவ்வகை இந்திய எஃகை ஆராய்ந்து 1819இல் கட்டுரை வெளியிட்டவர் மின்னியலில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே.

வீட்டுக்கு வந்ததும் துருவை நீக்கினேன். துரு என்பது இரும்பு, நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் கூடி உண்டாக்குவது. புளிக்கரைசலைத் துணியில் நனைத்து அலகின் மீது கால்மணி நேரம் சுற்றி வைத்தேன். புளியிலுள்ள அமிலம் துருவை இளக்கியது. பின்னர் நீரில் கழுவி, உடனே துடைத்து, நுண்ணிய எமரித் தாளால் ஒரே திசையில் தேய்த்தேன். அமிலத்தை நெடுநேரம் விட்டால் அது நல்ல இரும்பையும் அரிக்கும் என்பதை மறவாதீர்கள்.

அடுத்துச் செய்ததுதான் பிழை. கூர் தீட்டப் பொறுமையின்றி, நண்பர் ஒருவரின் பட்டறையில் இருந்த மின்சாரச் சாணையில் அலகைப் பிடித்தேன். தீப்பொறிகள் பறந்தன. இரண்டே நிமிடத்தில் நுனி பளபளத்தது. ஆனால் நுனியில் கால் அங்குல அளவுக்கு மயிற்கழுத்துப் போன்ற நீலம் படர்ந்திருந்தது. அழகாக உள்ளதே என்றுகூட எண்ணினேன். முகாமில் முதல் நாள் ஒரு கருவேலங் கிளையைச் சீவியபோது அந்த நுனி மடங்கிப்போயிற்று.

சாலையோரத்தில் இன்றும் துருத்தி ஊதும் முதிய கொல்லர் ஒருவரிடம் அதனைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "வாத்தியாரையா, நீலம் வந்துவிட்டதென்றால் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அதைத் தேய்த்தால் நிறந்தான் போகும், பதம் திரும்பி வராது" என்றார்.

அவர் கூறியதன் அறிவியல் இதுதான். எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆதலால் அதனை மறுபடியும் 200 பாகை செல்சியஸை ஒட்டி மிதமாகச் சூடேற்றி நொறுங்கும் தன்மையைக் குறைப்பர். இதுவே பதமிடுதல். சூடு ஏற ஏற, துலக்கிய எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி நிறம் காட்டும். ஏறத்தாழ 220 பாகையில் வைக்கோல் நிறம், பின்னர் பழுப்பு, அதன்பின் ஊதா, 300 பாகையை ஒட்டி நீலம். ஸ்பிரிங்குக்கு நீலம் பொருந்தும். கத்தியின் கூருக்கு அது மிகை. விளிம்பும் நுனியும் மிக மெல்லியவை. உண்டாகும் வெப்பத்தை வாங்கிக்கொள்ள அங்கே போதிய இரும்பு இல்லை. எனவே சுழலும் உலர்சாணையில் அவையே முதலில் கெடுகின்றன. கத்தியைக் கடையில் வாங்கியபோது நீக்க முடியாத குறை அதில் இல்லை. அக்குறையை உண்டாக்கியவன் நானே.

நீலம் படர்ந்த கால் அங்குலத்தையும் நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. நீரூற்றிய கரடுமுரடான கல்லில் நான்கு மாலைகள் தேய்த்து, முதுகைச் சரித்துப் புதிய நுனி அமைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே தேய்த்தேன். தொட முடியாத சூடு ஒருபோதும் ஏறவில்லை.

கூர் என்பது என்ன? இரண்டு பரப்புகள் ஒரு கோட்டில் சந்திப்பதுதான் கூர். இப்பகுதியிலிருந்து வண்டலூர் வழியாகச் சென்னை நோக்கிச் சென்றால் பல்லாவரம் வரும். அங்கே 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அத்தகைய கைக்கோடரிகளை ஆக்கிய மனிதர், கல்லின் இரு புறமும் சில்லுகளைப் பெயர்த்து, இரு பரப்புகளும் ஓரத்தில் சந்திக்கும்படி செய்தனர். நாமும் கல்லின்மேல் அதையே நுட்பமாகச் செய்கிறோம்.

அதற்குக் கோணம் மாறாதிருக்க வேண்டும். ஒரு தாளின் மூலை 90 பாகை. ஒருமுறை மடித்தால் 45. மறுமுறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த மடிப்பைக் கல்லின்மேல் வைத்து, அலகை அதே சாய்வில் பிடித்துப் பழகலாம். ஒரு புறமாகவே தேய்த்து வந்தால் மறுபுற விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். விரலை விளிம்புக்குக் குறுக்கே மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். முழு நீளத்துக்கும் பிசிறு எழுந்த பின்னரே அலகைத் திருப்ப வேண்டும். இறுதியில் நுண்கல்லில் இருபுறமும் மாறி மாறித் தீட்டி, பழைய தோல் வாரில் முதுகுப்புறமாக இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

பிடியின் ஆட்டத்தைப் பித்தளை ஆணிகளை மாற்றி நிறுத்தினேன். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினேன். அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறியலாகாது. தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

இனி உறை. பூஞ்சையைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, பிரிந்த தையலைத் தைத்து, கத்தியை அதில் செருகி வைத்தேன். ஐப்பசி மழை கழிந்து எடுத்துப் பார்த்தால், அலகில் மீண்டும் துரு! காரணத்தை உறையின் வெட்டுவாயில் கண்டேன். உட்தோல் நீலங்கலந்த சாம்பல் நிறமாயிருந்தது. அது குரோமியம் உப்பால் பதனிட்ட தோல். பல்லாவரத்தை அடுத்த குரோம்பேட்டை, அவ்வகைத் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எஃகோடு கலந்தால் துருவைத் தடுக்கும் அதே குரோமியம், தோலில் உப்பாக ஏறும்போது இரும்புக்கு அவ்வுதவியைச் செய்வதில்லை. பதனிடுகையில் எஞ்சும் உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். காலணிக்கும் பைக்கும் அத்தோல் ஏற்றது. கத்தி உறைக்கு ஏற்றதன்று.

ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிடும் முறை நம் நாட்டில் தொன்மையானது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. அத்தோலின் வெட்டுவாய் முழுதும் பழுப்பாயிருக்கும். சென்னைப் பெரியமேட்டில் ஒரு துண்டு வாங்கி, பழைய உறையைப் பிரித்து அதன் அளவுக்கே வெட்டினேன். கத்தியின் விளிம்பு தையல் நூலை அறுத்துவிடாதபடி, இரு மடிப்புக்கும் இடையே தோல் வாரொன்றை வைத்துத் தைத்தேன். பிறகு தோலை நனைத்து, மெழுகுத் தாள் சுற்றிய கத்தியைச் செருகி அழுத்தினேன். உலர்ந்தபின் அது கத்தியின் வடிவிலேயே நின்றது. தேன்மெழுகும் ஆமணக்கெண்ணெயும் கலந்து மேலே பூசினேன்.

இத்தோலும் ஈரத்தை இழுக்கவே செய்யும். ஈரமான தோலில் இரும்பு பட்டால் கருங்கறை படியும். கடுக்காயும் இரும்புச் சத்தும் கலந்து மை செய்தார்களே, அதே வினைதான். ஆதலால் முகாமுக்குச் செல்லும்போதுதான் உறை. வீட்டில் அலகுக்கு எண்ணெய் தடவி, தனியே, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறேன். கத்தியைப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ கொண்டுவருதல் கூடாது. முகாமில்கூடப் பொறுப்பாளர் முன்னிலையில் மட்டுமே அதனைக் கையாள வேண்டும்.

கணக்குப் பார்த்தேன். கத்தி 450 ரூபாய். கல், தாள், ஆணி, எண்ணெய், தோல் எல்லாம் சேர்ந்து 520 ரூபாய். ஆக 970. புதியதற்கும் இதற்கும் வேறுபாடு 230 ரூபாய்தான். அதற்கு ஈடாகப் பல மாலைகளும், அலகில் கால் அங்குலமும் செலவாயின. இலாபம் வேண்டுவோர் இத்தொழிலில் இறங்க வேண்டியதில்லை. ஆனால், தள்ளுபடிப் பொருளை எடுக்கும் முன் அதன் குறைகளை ஒரு தாளில் எழுதி, நீக்கக்கூடியது எது, கூடாதது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். என் கத்தியின் சீட்டை உறைக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். அதில் கடைசி வரி, "நுனி சுட்டது, என் அவசரம்" என்பது. முகாமில் கத்தியை வாங்கும் ஒவ்வொரு மாணவரிடமும் முதலில் அதனைப் படிக்கச் சொல்கிறேன்.